குப்பனூர் வழி

இருமுங்க, சடையன்.
இருமினார்.
திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றாய்த் துள்ளின.
சரி, குழாய்கள் பொய் சொல்லவில்லை.
இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உப்புநீர் இறங்குகிறது,
நிமிடத்துக்கு இருபது மில்லி.
வேகமாய் விட்டால் பை மிரண்டுபோகும்.
முதன்முதலாய் எப்போது தெரிகிறதோ
அப்போது சொல்லுங்கள் என்றேன்.
"என்ன தெரியணும் சிஸ்டர்?"
நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன்.
கேள்வி என்னவோ நியாயமானது.

நீர் தெரியாது யாருக்கும்.
சுவர் இழுபடுவதுதான் தெரியும்.
கசங்கிக் கிடந்த உள்தோல் மடிப்பு மடிப்பாய் நிமிர,
அதன் செல்களில்
இழுத்தால் மட்டும் வாய் திறக்கிற துளைகள்,
ரவிக்கை இறுகினால் கொக்கி விலகுமே, அப்படி.
அங்கே கசிகிற துளி ரசாயனத்தை
நரம்பு நுனி மோந்து பார்க்கிறது.
பிறகு தட்டத் தொடங்குகிறது:
கொஞ்சம் விரிந்தால் விட்டு விட்டு,
நிறைய விரிந்தால் விடாமல்.
வேறு சொல் கிடையாது அதனிடம்.
கூட்டத்தில் தூங்குமூஞ்சி இழைகளும் உண்டு,
புண் வந்தால்தான் கண் விழிக்கும்.
விழித்தால் ஊரைக் கூட்டும்.

நூறு.
நூற்றைம்பது.
"ஏதாவது?"
மின்விசிறியைப் பார்த்தபடி தலையசைக்கிறார்.

கொட்டச்சேட்டுக்காரர்.
மாசியில் மிளகு பறிக்கச் சில்வர் ஓக்கில் சாய்த்த ஏணி
ஈர மண்ணில் சறுக்கியது.
இடுப்புக்கு மேலே ஓர் எலும்பு, மூன்று துண்டு.
போன தடவை அவருக்கு இப்படி விளக்கினேன்:
அடிவாரத்திலிருந்து தகவல் பஸ் ஏறுது,
இருபது கொண்டை ஊசி வளைவு,
மேலே போய் 'நிறைஞ்சிடுச்சு'ன்னு சொன்னாத்தான்
தலை 'கொஞ்சம் பொறு'ன்னு பதில் அனுப்பும்.
உங்களுக்கு ரெண்டாவது வளைவிலேயே மண் சரிஞ்சிடுச்சு.
கீழே பஸ் ஹார்ன் அடிச்சிக்கிட்டே நிக்குது.
"அதான் பாய் நனையுதா" என்று சிரித்தார்.

இருநூற்றுப் பத்து.
இதற்கிடையே என் அடிவயிற்றில்
காலை ஏழு மணிக் காபி.
ஊழியர் கழிப்பறைச் சாவி
இரண்டாம் மாடியில் யாரோ ஒருவர் மேஜையில்.
எனக்குச் சாலை பிரமாதமாய் இருக்கிறது.
தகவல் வருகிறது, தகவல், தகவல்,
கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு.
பம்பு சொட்டுகிற சத்தம்கூட விரோதி.

இருநூற்றெண்பது.
அழுத்தக் கோடு இன்னும் படுத்தே கிடக்கிறது.
பொறுமைசாலித் தசை,
ஐந்து ரோடு டவுன் பஸ்ஸில்
ஏறுகிறவருக்கெல்லாம் நகர்ந்து இடம் தருவதுபோல.

முந்நூற்று நாற்பது.
"சிஸ்டர்."
"சொல்லுங்க."
"அங்க இல்ல. மேல்வயித்துல எங்கயோ ஒரு மாதிரி.
கை புல்லரிக்குது."

பார்த்தேன். புல்லரித்திருந்தது.
ஏசியாக இருக்கும்.
ஏசியை நிறுத்தினேன்.
பம்பை நிறுத்தி எண்பது மில்லி வெளியே எடுத்தேன்.
ரோமம் மெல்லப் படுத்தது.
மறுபடி நிரப்பினேன்.
இருவரும் அவர் முன்கையையே பார்த்திருந்தோம்,
இரண்டு பேர் சேர்ந்து பால் காய்ச்சுவதுபோல.
முந்நூற்று முப்பத்தைந்தில்
எழுந்தது.

நொறுங்கிய இடத்துக்கு மேலேயே
முதுகில் சேர்கிற நரம்பும் ஒன்று உண்டு.
சுற்றுவழி. ஒல்லியான சாலை.
அதை எப்படிச் சொல்வது என்று நான் தேடுமுன்
அவரே சொன்னார்:
"குப்பனூர் வழியா வருது போல."
அவர் ஊர் அந்தச் சாலையில்தான்.

படிவத்தில் 'முதல் உணர்வு' என்ற கட்டத்தில்
எண் எழுதினேன்.
எங்கே என்று கேட்கக் கட்டம் இல்லை.
ஓரத்தில், சாய்வாக: கை.

வெளியே அவர் மனைவி வெள்ளச்சியிடம்
கை புல்லரிச்சா டியூப் போட்டு விடுங்க என்றேன்.
அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"மலையில எப்பவுமே குளிர்தானேம்மா,
எந்தப் புல்லரிப்புன்னு எப்படித் தெரியும்?"

இருங்க, வந்து சொல்றேன் என்று
முழங்கால்களை நெருக்கிக்கொண்டு
சாவியைத் தேடி
மாடிப்படி ஏறினேன்.